எங்கன எழுதியிருக்கு?

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் ஏன், எப்படி என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. வேதபாட வகுப்பில் கேள்வி கேட்டே பாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். கல்யாண மேடையில்கூட, "ஏன் இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டேன். டேவிட்சன் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

புதூர் பக்கம் நொச்சிப்பட்டியில், சப்சென்டர் என்கிற துணைச் சுகாதார நிலையத்தில், நான் நர்ஸ். எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றாலே போனது, எவள் சத்து மாத்திரையை விழுங்காமல் கோழிக்கூண்டுக்குப் பின்னால் எறிகிறாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். "எஸ்தர்ராணியம்மா வந்தா அடுப்புல இருக்க சட்டியத் தொறந்து பாக்காமப் போமாட்டாவ" என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசட்டுமே. திறந்து பார்த்ததால்தான் யார் வீட்டில் வெறும் கஞ்சி கொதிக்கிறது என்று தெரிந்தது. கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டவள் என்று மட்டும் என்னை யாரும் சொல்ல முடியாது என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது.

அந்தக் கர்வம் போனது 2002-ஆம் வருஷம் மாசி மாதத்தில், நான் அங்கே வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தபோது.

அன்று புதன்கிழமை, ஊசி போடுகிற நாள். பாலம்மாள் நாலு மாதக் கைப்பிள்ளையோடு வந்து எல்லாருக்கும் கடைசியாக உட்கார்ந்தாள். ஊசி போட்டு முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரியும், அவளுக்கு ஏதோ சொல்லவேண்டியிருக்கிறது.

பாலம்மாளுக்கு இருபத்தேழு வயது. ஆட்டுக்காரக் குடும்பம். இந்தக் கைப்பிள்ளை நாலாவது. தீபாவளிக்கு முந்தின வாரம், கோவில்பட்டிக்குப் போகிற வழியில் வேனிலேயே பிறந்தது. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. பாளையங்கோட்டை வரை கொண்டுபோய், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி, செத்துப் பிழைத்தாள். இன்னொரு பிள்ளை உண்டானால் தாயைக் காப்பாற்றுவது கஷ்டம், உடம்பில் ரத்தம் ஏறியதும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று அங்கே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டு என்னிடம்தான் இருந்தது.

"நர்ஸம்மா, வெள்ளிக்கிழம கோவில்பட்டியில கேம்ப்பாமே? எம்பேரையும் எழுதிக்கிடுங்க" என்றாள்.

"எழுதிட்டாப் போச்சு. கடற்கரைய வரச் சொல்லு. அவன் கையெழுத்துப் போடணும்லா?"

கடற்கரை அவள் புருஷன். அவள் முகம் தொங்கிப்போனது. "அவிய தை மாசமே கிடையோட மேற்க போயிட்டாவளே" என்றாள்.

அறுப்பு முடிந்ததும் எங்கள் பக்கத்து ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு தாமிரபரணிப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். இரவில் யாராவது ஒருவருடைய காட்டில், அதாவது புன்செய் நிலத்தில், ஆடுகளை அடைப்பார்கள், அதுதான் கிடை. புழுக்கை அந்த நிலத்துக்கு உரம். மறுநாளோ அதற்கு மறுநாளோ அடுத்த காடு. இன்றைக்கு எங்கே இருப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. செல்போன் எல்லாம் அப்போது அவர்கள் கைக்கு வரவில்லை.

"அப்போ அடுத்த கேம்ப்ல பாப்போம்."

"அடுத்த கேம்ப் பங்குனி உத்திரம் கழிஞ்சுல்லா வருது? உத்திரத்துக்கு அவிய சாஸ்தா கோயிலுக்கு வருவாவ. வந்தா ஒரு வாரம் வீட்லதான் கெடப்பாவ. நான் என்னன்னு சொல்லி ஒதுங்குவேன்?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குச் சாவுக்குப் பயமில்ல நர்ஸம்மா. ஆனா இந்த நாலையும் யாரு பாப்பா?"

காப்பர்-டி அவள் உடம்புக்கு ஆகாது என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். பால் கொடுக்கிறவளுக்கு நான் வைத்திருந்த கருத்தடை மாத்திரையைக் கொடுக்க முடியாது. ஒரு பொட்டலம் நிரோத் ஆணுறையை எடுத்து நீட்டினேன். அவ்வளவு கவலையிலும் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். "போங்க நர்ஸம்மா. இதக் கொண்டு அவியகிட்ட நான் கொடுக்கவா? மந்தைய விட்டுட்டு ஓடியே போயிருவாவ."

சிரிப்பு அடங்கியதும் அவளுக்குக் கோபம் வந்தது. "அவிய வாரதுக்கு முன்னால ஆபரேஷன் பண்ணணும். ஆபரேஷன் பண்ணணும்னா அவிய வரணும். இது என்ன எழவு கணக்கு?"

"ரூல்ஸு அப்படிட்டி."

"ஏன், நீங்களே ஒரு கைநாட்டு வச்சிருங்களேன். எவன் கட்டவெரலா இருந்தா என்ன?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "வாயக் கழுவுட்டி! நான் என்ன களவாணியா? அந்த ராதாமணிக்கே வளையாதவ, ஒனக்கு வளைவனா?"

ராதாமணி எங்கள் ஊர்க்காரிதான், தீப்பெட்டி ஆபீஸ் என்கிற தீப்பெட்டி ஆலையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஆபரேஷனுக்காக மூன்று தடவை வந்து நின்றாள். புருஷன் சோலைராஜ் ஆந்திராவில் முறுக்குக் கம்பெனியில் இருந்தான். சம்மதம் என்று அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பிய இன்லண்ட் லெட்டரைக்கூடக் கொண்டுவந்து நீட்டினாள். நேரில் வந்து போட்டால்தான் ஆச்சு என்று நான் திருப்பி அனுப்பிவிட்டேன். எதிர்த்து எதிர்த்துப் பேசினாள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள். மறு வருஷம் ஐந்தாவதைப் பெற்றாள்.

பாலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் எனக்குள் இருந்த கேள்விக்காரி முழித்துக்கொண்டாள். நானூறு ஆடு, ஐந்து ஆள், கண்ணுக்கெட்டிய தூரம் மறைவில்லாத கரிசல் காடு. இதில் ஒரு மந்தை எப்படித் தொலைந்து போகும்?

"நாளைக்குக் காலம்பற வா. நாம போய் ஒம் புருசனத் தேடுவோம்" என்றேன்.

வியாழக்கிழமை விடியும்போதே என் டிவிஎஸ் மொபெட்டில் கிளம்பினோம். பெரிய பிள்ளைகள் மூன்றையும் அண்டை வீட்டில் விட்டுவிட்டு, கைப்பிள்ளையை மட்டும் மடியில் இறுக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள் பாலம்மாள். மொபெட்டில் ஏறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. எட்டயபுரம் தாண்டும் வரை என் இடுப்பைப் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது.

அதற்குப் பிறகு அவள் ஆளே மாறிப்போனாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று ஒரு கொத்தமல்லிக் காட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய்க் குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து விரலால் நசுக்கினாள்.

"இது அஞ்சாறு நாளாச்சு. உள்ள வரைக்கும் காஞ்சிருக்கு."

"இது ஒங்க ஆடுதான்னு எப்படிட்டி சொல்லுத?"

"அது சொல்ல முடியாது. ஆனா இம்புட்டு அகலத்துக்கு அடைச்சிருக்காவன்னா பெரிய மந்தை. இந்த மாசத்துல இந்த வழியாப் போன பெரிய மந்தை எங்களதுதான்."

எனக்குப் பரவசமாக இருந்தது. இத்தனை வருஷமாக இவளுக்குச் சத்து மாத்திரையை எப்படி விழுங்கவேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன், இவளுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த காட்டில் நானும் இறங்கி ஒரு புழுக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். "இது மூணு நாளு, சரியா?" என்றேன். "அது வெள்ளாட்டுப் புழுக்க, எங்களது செம்மறில்லா. யாரோ மேச்சலுக்கு வந்திருக்காவ" என்று அவள் சிரித்தாள்.

கோவில்பட்டியில் டீக்கடையில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வைத்து, நான் நாலு பேரிடம் விசாரித்தேன். நாலாட்டின்புதூரில் ஒரு பெட்டிக்கடைக்காரர் தெற்கே கை காட்டினார். கயத்தாறுக்கு முன்னால் சாமித்துரை என்று ஒரு சம்சாரி, தன் நிலத்து வரப்பில் நின்றவர், "முந்தாநேத்து வரைக்கும் நம்ம காட்டுலதான் கெடந்துச்சு. இப்பம் மேற்க அந்தப் பனைகளுக்குப் பின்னால கெடக்கணும். என்ன சோலி? சாவு கீவு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"சாவு வராம இருக்கத்தான் அண்ணாச்சி தேடுதோம்" என்றாள் பாலம்மாள்.

வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம். வெடித்துக்கிடந்த கரிசலில் என் செருப்பு இரண்டு தடவை மாட்டிக்கொண்டது. உச்சி வெயில். இடது காது கீறின ஒரு ஆட்டைத் தூரத்தில் பார்த்ததும் பாலம்மாள் நின்று, "எங்க காது" என்றாள். எனக்கு அந்த ஆட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மூங்கில் தட்டிக்குள் குட்டிகளை அடைத்துவிட்டு, உடைமர நிழலில் ஆட்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கடற்கரை தூக்குச்சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "பிள்ளைக்கு என்னட்டி? பிள்ளைக்கு என்ன?" என்று பதறினான். பிள்ளை அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

மற்ற ஆண்களுக்கு எதிரே இதை எப்படிச் சொல்வது? அவனைத் தனியே கூட்டிப்போய்ச் சொன்னேன். அவன் எதிர்ப்பான், ஆம்பளை வீறாப்பு பேசுவான், மூத்த மூன்றும் பொட்டப்பிள்ளை, இருப்பது ஒரே பையன், இன்னொரு பையன் வேண்டும் என்பான் என்று வழியெல்லாம் யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு தலையைச் சொறிந்தான்.

"இதுக்கா இம்புட்டு தூரம் பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்திய? பாளையங்கோட்டையில ரத்தம் கொடுத்தது நான்தான் நர்ஸம்மா. இனிமே வேண்டாம்னு அன்னைக்கே அவகிட்டச் சொல்லிட்டேன். அவளுக்கு இஷ்டம்னா பண்ணிக்கிட வேண்டியதுதான? நடுவுல நான் என்னத்துக்கு?"

"கையெழுத்து வேணும்யா."

"எனக்குக் கைநாட்டுதான்."

அப்போதுதான் என் தலையில் அடித்துக்கொண்டேன். பேனா கொண்டுவந்திருந்தேன், வெள்ளைத்தாள் கொண்டுவந்திருந்தேன், மை டப்பாவைச் சப்சென்டரிலேயே வைத்துவிட்டேன். கடற்கரை போய், ஆடுகளுக்கு அடையாளம் போட வைத்திருந்த செங்காவிச் சட்டியை எடுத்துவந்தான். கட்டைவிரலை முக்கி, நான் எழுதி வைத்திருந்த சம்மதத் தாளில் அழுத்தினான். தாளில் பாதிக்குச் செக்கச்செவேல் என்று பரவியது.

பாலம்மாள் எட்டிப் பார்த்தாள். "எனக்கும் அடையாளம் போட்டாச்சா? இனித் தொலைஞ்சு போனாக் கண்டுபிடிச்சிருவாவ" என்றாள். கடற்கரை சிரித்தான். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை கேம்பில் முப்பது பெண்கள் வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் உமாதேவி புதிதாக வந்தவர், சின்ன வயது. பாலம்மாளுக்கு ரத்தம் பரிசோதித்து, ஹீமோகுளோபின் ஒன்பதுக்கு மேலே இருக்கிறது, செய்யலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு என் தாள்களைப் புரட்டியவர், குண்டூசி குத்தி வைத்திருந்த அந்தச் சிவப்புத் தாளில் நின்றார்.

"சிஸ்டர், இது என்ன? ரத்தமா?"

"இல்ல டாக்டர், செங்காவி. வீட்டுக்காரர் சம்மதம். ஆளு ஆட்டுக் கிடையில இருந்தாரு. நேத்து தேடிப் போய் வாங்கிட்டு வந்தோம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? புருஷன் கையெழுத்து வேணும்ல டாக்டர்."

"யார் சொன்னது?"

பதினொரு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போன நர்ஸ், "புருசன்கிட்ட எழுதி வாங்காமக் கேஸ் கூட்டிட்டுப் போயிராத, நாளைக்கு ஒன் வாசல்ல வந்து நிப்பான்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். வேறு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் நான் ரூல்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் அச்சடித்த படிவத்தை என் பக்கம் திருப்பினார். "இதுல எங்க கேட்டிருக்கு, காட்டுங்க. எந்த உத்தரவிலயும் கிடையாது."

வாசித்தேன். யாருடைய கட்டாயமும் இல்லாமல் என் சொந்த விருப்பத்தின் பேரில் என்று இருந்தது. அதற்குக் கீழே ஆபரேஷன் செய்துகொள்கிறவர் கையெழுத்துக்கு ஒரு கோடு, சாட்சிக்கு ஒரு கோடு. புருஷனுக்குக் கோடே இல்லை. நூற்றுக்கணக்கான தடவை என் கையால் நிரப்பிய படிவம். பேர், வயது, ஊர், பிள்ளைகள் எத்தனை என்று எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட முழுசாக வாசித்ததில்லை. மற்றவர்கள் வீட்டுச் சட்டியை எல்லாம் திறந்து பார்த்தவளுக்கு, கையில் இருந்த தாளைப் பார்க்கத் தோன்றவில்லை.

டாக்டர் செங்காவித் தாளை உருவி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, பாலம்மாளிடம் கேட்டார். "ஏம்மா, உங்களுக்குச் சம்மதமா?"

பாலம்மாள் என்னைப் பார்த்தாள். "என்னையவா கேக்காவ?" என்றாள். பிறகு டாக்டரிடம், "சம்மதம்" என்று சத்தமாகச் சொன்னாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் பாயில் படுத்திருந்தவள் அரை மயக்கத்தில் கண்ணைத் திறந்து, "அப்போ நாம ஏன் நர்ஸம்மா அந்த வெயில்ல அலைஞ்சோம்?" என்று கேட்டாள். பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என் மனசு நிற்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேன் மற்ற நாட்களில் இருட்டோடு வந்து அள்ளிக்கொண்டு போய், விளக்கு வைத்த பிறகுதான் கொண்டுவந்து விடும். ராதாமணியைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறுதான் உண்டு. சர்ச் முடிந்ததும் நேரே அவள் வீட்டுக்குப் போனேன், பையில் ஒரு படிவத்தோடு.

அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது பிள்ளை ஜெயகிருஷ்ணன், ஒரு வயசு, சோப்பு நுரையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லா ஊசியும் போட்டது நான்தான்.

"ராதாமணி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கையைத் துடைத்துவிட்டு, "அந்தத் தாளக் கொடுங்க" என்றாள்.

துவைகல்லின் மேல் உட்கார்ந்து, உதடு அசைய, முதல் எழுத்திலிருந்து வாசித்தாள். பின்பக்கமும் வாசித்தாள். நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் மூணாந்தடவ வந்தப்ப ஒண்ணு கேட்டேன், நெனவிருக்கா?" என்றாள்.

தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"புருசன் கையெழுத்து வேணும்னு எங்கன எழுதியிருக்கு, காட்டுங்கன்னு கேட்டேன். நீங்க காட்டல்ல. எட்டாப்பு படிச்ச திமிரப் பாருன்னு சொன்னிய. வெளியில பத்துப் பொம்பளைய உக்காந்திருந்தாவ. எல்லாரும் சிரிச்சாவ. அதுக்குப் பெறகு நான் யார்கிட்டயும் ஒண்ணும் கேக்கல்ல நர்ஸம்மா."

நினைவிருந்தது. அந்தச் சிரிப்புச் சத்தம்கூட நினைவுக்கு வந்தது. "மன்னிச்சிருட்டி" என்றேன்.

"மன்னிக்கது இருக்கட்டும்." அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் ஈரக்கையால் அவள் மூக்கைப் பிடித்தான். "இவனப் பெத்ததுக்கு நான் வருத்தப்படுதேன்னு நெனச்சிராதிய. இவன் எம்பிள்ள. ஆனா இவனச் சுமக்கச் சொன்னது நானும் இல்ல, எம் புருசனும் இல்ல. நீங்க."



பேனாவைக் கேட்டு வாங்கினாள். தாளைத் துவைகல்லில் வைத்து, கீழே இருந்த கோட்டின் மேல், ஆ. ராதாமணி என்று அவள் அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிதானமாக எழுதினாள். "அடுத்த கேம்புக்கு என்னையக் கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு ஆபீஸுல லீவு சொல்லிக்கிடுதேன். இதே மாதிரி நிரப்பாத தாள் இன்னும் ரெண்டு எனக்குத் தாங்க, வேன்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும்."

"சப்சென்டர்ல கட்டாக் கெடக்கு. எடுத்துத் தாரேன்" என்று திரும்பினேன்.

"நர்ஸம்மா" என்று கூப்பிட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இது மாதிரி எங்கனயும் எழுதாதத இன்னும் என்னென்ன எங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கிய?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் துணியை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையோடு என்கூட வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சப்சென்டரைத் திறந்து, அலமாரியில் இருந்த தாள்களை எல்லாம் தரையில் இறக்கி வைத்தோம். அவள் ஒரு கட்டை எடுத்துக்கொண்டாள், நான் ஒரு கட்டை எடுத்துக்கொண்டேன், முதல் எழுத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தோம்.